ஒரு கிணறு, ஒரு குறிப்பேடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தெருவிலும் குடியிருப்பிலும் சுற்றுச்சூழல் குழு நடத்துகிறவர்கள் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சென்னையிலிருந்தும் அதன் புறநகர்களிலிருந்தும் வந்தவை. ஆகவே பதில்களும் அந்த நகரத்தைச் சுற்றியே அமைந்துள்ளன.

கேள்வி: எங்கள் தெருவில் பதினெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கியிருக்கிறோம். குப்பை, தண்ணீர், மரம், மாடித்தோட்டம், சூரிய மின்சாரம் என்று எல்லாவற்றையும் செய்ய ஆசை. இரண்டு கூட்டங்கள் முடிந்தும் எதிலிருந்து தொடங்குவது என்று முடிவாகவில்லை. தாங்கள் என்ன சொல்வீர்கள்?
– ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா. உங்கள் தெரு எதனால் மிகுதியாகத் துன்பப்படுகிறதோ, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் மாடித்தோட்டத்தைப் பற்றிப் பேசினால், முதல் மாதம் வந்தவர்கள் மூன்றாம் மாதம் வரமாட்டார்கள்.

பெசன்ட் நகரில் நடந்ததைச் சொல்கிறேன். இயற்பியல் படித்த சேகர் ராகவன் என்பவர், 1990-களின் நடுவில் அந்தப் பகுதியில் வீடு வீடாகச் சென்று, கூரையில் விழும் மழைநீரைத் தெருவில் விடாமல் மண்ணுக்குள் இறக்குங்கள் என்று கேட்டுக்கொண்டார். கடலுக்கும் அடையாற்று முகத்துவாரத்துக்கும் நடுவே இருக்கும் மணற்பாங்கான இடம் அது. அங்கே நிலத்தடி நன்னீர், உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கிறது. அடுக்குமாடிகள் பெருகி, ஆழ்துளைக் கிணறுகள் அந்த அடுக்கை உறிஞ்சத் தொடங்கினால் கடல்நீர் உள்ளே ஏறும் என்பதை அவர் அறிந்திருந்தார். பலர் கதவைத் திறந்து கேட்டுவிட்டு மூடிக்கொண்டார்கள், சிலர் செய்தார்கள். 2002-ல் அவர் முயற்சியில் மந்தைவெளியில், மழைநீர் சேகரிப்பு முறைகளைக் காட்டும் மழை இல்லம் என்னும் விளக்க மையம் திறக்கப்பட்டது. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அந்தச் சட்டத்துக்கு அவர் ஒருவரே காரணம் என்று சொல்வது முறையாகாது. வறட்சியும் அரசின் உறுதியும் அதற்குப் பின்னால் இருந்தன. ஆனால், சட்டம் வந்தபோது அதை எப்படிச் செய்வது என்று காட்டுவதற்கு, ஏற்கனவே செய்து பார்த்த வீடுகளும் செய்து பழகிய கைகளும் சென்னையில் இருந்தன. ஒரே பொருளைப் பல ஆண்டுகள் விடாமல் பற்றியிருந்ததால் கிடைத்த பயன் இது.

கேள்வி: எங்கள் குடியிருப்பிலும் 2003-லேயே மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டினோம். இருந்தும் 2019 கோடையில் கிணறு வறண்டது. இந்த முறையால் உண்மையில் பயன் உண்டா? ஒரு குழு இதில் என்ன செய்ய முடியும்?
– ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: பயன் உண்டு, ஆனால் கட்டியதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்ததுதான் நம் எல்லோருடைய பிழை. 2003-ல் அவசர அவசரமாகக் கட்டப்பட்ட பல குழிகள் மூன்று நான்கு அடி ஆழமே உள்ளவை. ஜல்லியும் மணலும் நிரப்பி மூடியவை. இரண்டு மூன்று பருவமழைகளில் கூரைத் தூசியும் இலைச் சருகும் இறங்கி, அந்த மணல் களிமண் போல இறுகிவிடும். பிறகு விழும் நீர் குழி நிரம்பித் தெருவுக்கே போய்விடும். சில வீடுகளில் வண்ணம் பூச வந்தவர்கள் கழற்றிய குழாயை யாரும் திரும்ப மாட்டவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை கொட்டினால் அந்த ஒரு மாடியிலிருந்தே 9,000 லிட்டருக்கு மேல் நீர் இறங்கும். ஒரு நடுத்தரத் தண்ணீர் லாரியின் கொள்ளளவு அது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், சில பெருமழை நாட்களில் கொட்டித் தீர்கிறது. அந்தச் சில நாட்களுக்குக் குழியும் குழாயும் ஆயத்தமாக இல்லையென்றால் ஆண்டு முழுவதுக்குமான வாய்ப்பு போய்விடும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். முதல் ரயிலில் வந்தது 25 லட்சம் லிட்டர். மேலே சொன்னது போன்ற முந்நூறு மொட்டைமாடிகளில் ஒரு பெருமழை நாளில் விழும் நீர் அதற்கு ஈடாகும்.

குழு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். செப்டம்பர் மாதத்தில், மழைக்கு முன், ஒவ்வொரு வீட்டின் மாடியையும் பெருக்கி, குழாய் குழியோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குழியில் பத்து வாளி நீரை ஊற்றி, அது உள்ளே இறங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தேங்கி நின்றால் மணலையும் ஜல்லியையும் வெளியே எடுத்துக் கழுவிப் போட வேண்டும். மண்ணின் இயல்பு இடத்துக்கு இடம் மாறும்: கடலோரத்தில் மணல், நகரின் நடுவிலும் மேற்கிலும் களிமண், கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் அடியில் கடினப் பாறை. களிமண் பகுதியில் ஆழம் குறைந்த குழியால் பயன் மிகக் குறைவு. சிமென்ட் உறைகளை இறக்கி, நீரை ஏற்கும் அடுக்கு வரை செல்லும் உறைக்கிணறு தேவைப்படும். பழைய திறந்த கிணறு இருக்கும் வீடு கொடுத்துவைத்த வீடு. குப்பை கொட்டி மூடப்பட்ட அத்தகைய கிணறு உங்கள் தெருவில் இருந்தால், அதைத் தூர்வாரி, மாடி நீரை வடிகட்டி அதில் விடுவதைக் காட்டிலும் சிக்கனமான வழி வேறு இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு குறிப்பேடு. கயிற்றில் எடை கட்டி, ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். உப்பை அளக்கும் சிறு கருவி அதிக விலையுள்ளது அல்ல. அதன் அளவையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு ஆண்டுகளின் அளவு கையில் இருந்தால், தயங்கி நிற்கும் அண்டை வீட்டாரிடம் நீங்கள் வாதாட வேண்டியிருக்காது.

கேள்வி: மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று நாங்கள் பிரித்துக் கொடுக்கிறோம். வண்டியில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். பிறகு ஏன் பிரிக்க வேண்டும் என்று குழுவில் கேட்கிறார்கள்.
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: இந்தக் கசப்பு எனக்கும் தெரியும். நான் குடியிருந்த தெருவில் ஓராண்டு முழுதும் பிரித்துக் கொடுத்த பிறகு, ஒரு நாள் வண்டியின் பின்னால் நடந்து சென்று பார்த்தேன். தெருமுனையில் எல்லாம் ஒன்றானது. அன்று வந்த கோபத்தைத் தூய்மைப் பணியாளர் மீது காட்டியிருந்தால் அது பெரும் அநீதியாக இருந்திருக்கும். பிரித்து வைக்க அவருக்குத் தரப்பட்ட வண்டியில் தடுப்பே இல்லை.

சென்னைக்கு இதில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1989-ல் எம்.பி.நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா என்னும் மக்கள் அமைப்பு, தெருதோறும் கிளைகளை உருவாக்கியது. வீடுகள் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தர, மூன்று சக்கர வண்டியோடு ஒருவர் வீட்டு வாசலிலேயே குப்பையை வாங்கிச் செல்வார். அவரைத் தெருவை அழகாக்குபவர் என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். அந்த மரியாதையே அன்று புதியது. தெருக்கள் உண்மையாகவே தூய்மையாயின. ஆனால் தெருவில் சேர்ந்ததில் பெரும்பகுதி கடைசியில் கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். நம் வாசல் சுத்தமாவதும் நகரம் சுத்தமாவதும் ஒன்றல்ல என்பதை அந்த இயக்கத்தின் சில கிளைகள் உணர்ந்துதான், பிறகு உரம் தயாரிப்பில் இறங்கின.

ஆகவே மக்கும் குப்பையை வண்டிக்கே கொடுக்காதீர்கள். வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் காய்கறித் தோலும் மிஞ்சிய உணவும்தான். துளையிட்ட மண்பானையோ பழைய டிரம்மோ போதும். ஈரக் குப்பையின் மேல் காய்ந்த இலையையோ தென்னை நார்க் கழிவையோ ஒவ்வொரு முறையும் போட்டு மூடினால் நாற்றம் இராது, புழுவும் பெருகாது. நாற்றம் வருகிறதென்றால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். இன்னும் கொஞ்சம் சருகு போட வேண்டும். மீதி உலர்ந்த குப்பை மட்டும் வெளியே போகும்போது கலப்பதற்கு எதுவும் இராது. பெரிய குடியிருப்புகள் தம் மக்கும் குப்பையைத் தம் வளாகத்திலேயே உரமாக்க வேண்டும் என்று 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறின. தடுப்பு வைத்த வண்டிக்காக உள்ளாட்சியில் மனு கொடுப்பதும் குழுவின் கடமை. அந்த மனுவில் பணியாளரின் கையுறையையும் காலணியையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: ஜூன் 5-ஆம் தேதி ஐம்பது மரக்கன்றுகள் நட்டோம். இப்போது ஒன்பது இருக்கின்றன.
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: ஜூன் மாதம் சென்னையில் வெயிலின் கடுமை தணியாத மாதம். ஆகஸ்டு இறுதிக்குப் பிறகு நட்டால், வேர் பிடிக்கும் வேளையில் பருவமழை வந்துவிடும். ஐம்பது நடாதீர்கள், எத்தனை வீட்டார் நாள்தோறும் ஒரு குடம் நீர் ஊற்றுவதாகப் பெயர் கொடுக்கிறார்களோ, அத்தனை மட்டும் நடுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது, குல்மோகரும் மஞ்சள்கொன்றையும் தெருத்தெருவாகச் சாய்ந்தன. அடிமரத்தை ஒட்டிச் சிமென்ட் பூசி வேரை நெரித்ததும் அதற்கு ஒரு காரணம். புங்கன், பூவரசு, நாவல், புன்னை, மகிழம் ஆகியவற்றை இடத்துக்கு ஏற்றபடி தேர்ந்தெடுங்கள். அடியைச் சுற்றி மண் தெரியட்டும். கன்று வளர்ந்ததும் இரும்புக் கூண்டைக் கழற்ற மறவாதீர்கள்.

நேரம் கிடைக்கும்போது கோட்டூர்புரம் மரப்பூங்காவுக்குக் குழுவோடு போய்வாருங்கள். குப்பை கொட்டிக் கிடந்த அடையாற்றங்கரை நிலத்தை, நிழல் என்னும் அமைப்பின் தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்துத் தோப்பாக்கியிருக்கிறார்கள்.

கேள்வி: ஏரியைச் சுத்தம் செய்ய நாங்கள் மண்வெட்டியோடு இறங்கினால், அரசு தன் வேலையை எங்கள் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளாதா? இந்தக் கேள்வியால் எங்கள் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.
– ஒரு வாசகர், செம்பாக்கம்

பதில்: இரு தரப்பினரின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்கிறேன்: மண்வெட்டி எடுங்கள், ஆனால் மண்வெட்டியோடு நின்றுவிடாதீர்கள்.

உங்கள் பக்கத்து ஊரான சிட்லபாக்கத்தில், 2019-ன் வறட்சியில் பெருந்திரளான மக்கள் ஏரியில் இறங்கினார்கள். அந்தக் கூட்டம் அள்ளிய மண், ஏரியின் அளவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. ஆனால் இந்த ஏரியைக் கேட்க ஆள் இருக்கிறது என்பது அன்று அரசுக்குத் தெரிந்தது. சீரமைப்புக்கு நிதி அறிவிக்கப்பட்டது. கோவையிலும் குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் ஞாயிறுதோறும் குளத்துக்குச் சென்று வேலை செய்கிறார்கள்; அந்தத் தொடர்ச்சிதான் அதிகாரிகளை அவர்கள் பேச்சைக் கேட்க வைக்கிறது.

உங்கள் ஏரி தனி ஏரியன்று என்பதையும் குழுவுக்கு எடுத்துச் சொல்லுங்கள். சிட்லபாக்கத்தில் நிரம்பி வழியும் நீர் செம்பாக்கத்துக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைக்கும் போய், ஒக்கியம் மடுவு வழியே கடல்நோக்கிச் செல்ல வேண்டும். முன்னோர் அமைத்த இந்தச் சங்கிலியில் ஒரு வரத்துக்கால்வாய் அடைபட்டாலும் மேலே வீட்டுக்குள் வெள்ளம், கீழே வறண்ட ஏரி. 2015 டிசம்பரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நாம் கண்ணீரோடு கண்டோம். ஏரிக்குள் இறங்கி நெகிழி பொறுக்குவதைவிட, ஏரி நிரம்பி வழியும் கலங்கலிலிருந்து அடுத்த ஏரி வரை கால்வாயின் தடத்தில் நடந்து, எங்கே சாக்கடை கலக்கிறது, எங்கே அகலம் குறைகிறது என்று வரைபடத்தில் குறிப்பதே குழு செய்யக்கூடிய மிக மதிப்புள்ள வேலை என்பேன். பழைய அகலம் தெரியவேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு வருவாய்த் துறையிடம் நில ஆவணத்தைக் கேளுங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். கரையை உயர்த்தி, நடைபாதை போட்டு, நடுவில் தீவு அமைத்து ஏரியைச் சுருக்குவதைச் சீரமைப்பு என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். கோரையும் நாணலும் பறவைகள் கூடு கட்டும் இடங்கள், அவை முழுதும் அழுக்கு அல்ல. அடுத்தது, ஆக்கிரமிப்பு என்றதும் குடிசை மட்டுமே நம் கண்ணில் படுகிறது. கால்வாயை மறித்து நிற்கும் பெரிய கட்டடத்தையும் அரசின் சாலையையும் அதே வரைபடத்தில், அதே மையால் குறிக்கும் துணிவு உங்கள் குழுவுக்கு இருக்க வேண்டும்.

விடாமுயற்சிக்குப் பலன் உண்டு. பள்ளிக்கரணைக்காகக் குடியிருப்போரும் ஆய்வாளர்களும் நெடுங்காலம் குரல் கொடுத்தார்கள். 2007-ல் 317 ஹெக்டேர் காப்பு நிலமாக்கப்பட்டது. 2022-ல் 1,247 ஹெக்டேர் பரப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

கேள்வி: குழுவைப் பதிவு செய்ய வேண்டுமா? வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையில் பேசினால் பயன் உண்டா?
– ஒரு வாசகி, பம்மல்

பதில்: முதல் இரண்டு ஆண்டுகள் பதிவுக்கு அலைய வேண்டாம். பணம் திரட்டும் நிலை வந்தால் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் ஆண்டுதோறும் கணக்கு அளிக்க வேண்டும். பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வரவு செலவை மாதந்தோறும் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.

பகுதி சபைக்குக் கட்டாயம் செல்லுங்கள். 2022 நவம்பர் 1 அன்று உங்கள் பம்மலில் நடந்த சபையில் அன்றைய முதலமைச்சரே கலந்துகொண்டார். பொதுவாகக் குறை சொல்வதைவிட, எந்தக் கால்வாய், எத்தனை மீட்டர், எந்த மாதத்திலிருந்து என்று எழுதி, நிகழ்ச்சிக் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அதிலிருந்தே தொடங்குங்கள்.

கேள்வி: எங்கள் குழுவைத் தொடங்கியவருக்கு வயதாகிவிட்டது. அவருக்குப் பிறகு இது நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறோம்.
– ஒரு வாசகர், திருவான்மியூர்

பதில்: உங்கள் கடற்கரையிலேயே இதற்கு விடை இருக்கிறது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர், முட்டையிடும் மாதங்களில், நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் மணலில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் காக்கிறார்கள். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிச் செல்பவை. கரையோர விளக்குகள் அவற்றைச் சாலைக்கு இழுத்துவிடுவதும் இந்தக் காவலுக்கு ஒரு காரணம். மாணவர்கள் படிப்பு முடிந்து போய்க்கொண்டேயிருக்கிறார்கள், நடை நிற்கவில்லை. வேலை எளியது, ஓரிரவில் கற்றுக்கொள்ளக்கூடியது, ஒவ்வோர் இரவின் கணக்கும் எழுதப்படுவது என்பதே அதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

உங்கள் பெரியவர் மனத்தில் வைத்திருப்பதை எல்லாம் இந்த ஆண்டே எழுதி வாங்குங்கள்: எந்தக் கிணறு எந்தக் கோடையில் வற்றியது, எந்த வீட்டுக் குழியில் எத்தனை உறை, எந்த அலுவலகத்தில் எந்த மனு நிலுவையில் இருக்கிறது. அளக்கும் கயிற்றை இப்போதே பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் கையில் கொடுங்கள்; பெரியவர் பக்கத்தில் அமர்ந்து எண்ணை மட்டும் சரிபார்க்கட்டும். பருவமழை முடிந்ததும் அந்தக் குறிப்பேட்டின் ஒரு படியை எங்களுக்கும் அனுப்புங்கள். பொங்கல் இதழில் வெளியிட விரும்புகிறோம்.