நண்பனின் கல்யாணத்தை நானே நடத்தி வைக்கலாமா? சட்டப்படி அதற்கு என்ன தகுதி வேண்டும்?

கேள்வி கேட்டவருடைய நிலைமை இது: நண்பர் ஐயர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். "நீதான் தலைமை தாங்கி நடத்திக் கொடுக்கணும்" என்று இவரிடம் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் இதற்காக இணையத்தில் பதிந்து சான்றிதழ் வாங்கி வருகிறார்களே, இங்கேயும் அப்படி ஏதாவது வேண்டுமா, இல்லையென்றால் கல்யாணம் செல்லாமல் போய்விடுமா என்று பயப்படுகிறார்.

இதே பயம் எனக்கும் இருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் அருப்புக்கோட்டையில் என் கல்லூரி நண்பனின் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து நின்றவன் நான். அழைப்பிதழில் 'தலைமை' என்று போட்டு என் பெயரை அச்சடித்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு என் அம்மா, "நீ எப்படா மந்திரியானே?" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். மணமக்கள் இரண்டு பேரும் இந்துக்கள், கல்யாணம் தமிழ்நாட்டில் என்றால் உங்களுக்கு எந்தத் தகுதியும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். காரணம், சட்டத்தின் கண்ணில் அந்தக் கல்யாணத்தை நீங்கள் நடத்தவே இல்லை. அவர்களேதான் நடத்திக்கொள்கிறார்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கிற ஆள், அவ்வளவுதான்.

இது 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவில் இருக்கிறது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம். 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சுயமரியாதைத் திருமணம், சீர்திருத்தத் திருமணம், வேறு எந்தப் பெயர் வைத்தாலும் சரி, உறவினர், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில் மூன்றில் ஒன்று நடந்தால் போதும். 'இவரை என் கணவராக, இவரை என் மனைவியாக ஏற்கிறேன்' என்று இருவரும் தங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லலாம். மாலை மாற்றலாம், அல்லது மோதிரம் போடலாம். தாலி கட்டலாம். மூன்றுக்கும் இடையில் இருப்பது 'அல்லது'. முதல் வரைவில் அது 'மற்றும்' என்று இருந்ததாகவும், பெரியார் சொல்லித்தான் 'அல்லது' ஆனதாகவும் மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு சொல்லால்தான் தாலியே இல்லாத கல்யாணமும் இங்கே முழுக் கல்யாணமாக நிற்கிறது.

இந்தத் திருத்தம் எதற்கு வந்தது என்பது தெரிந்தால் அதன் அருமை புரியும். பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது 1928இல், சுக்கிலநத்தத்தில். நான் மைக் பிடித்த மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படியே கல்யாணம் செய்துகொண்டன. 1953இல் ஒரு சொத்து வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், சடங்கு இல்லாத இந்தக் கல்யாணம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பத்திரம், பட்டா என்று வரும்போது அந்த வீட்டுப் பிள்ளைகளின் நிலைமை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் 1967 திருத்தம் இனி நடக்கப் போகிற கல்யாணங்களோடு நிற்காமல், ஏற்கெனவே அப்படி நடந்து முடிந்த கல்யாணங்களையும் செல்லும் என்று அறிவித்தது.

இதற்குப் பிறகும் ஒரு குழப்பம் வந்தது. வீட்டை எதிர்த்து வருகிற ஜோடிகள் வக்கீல் அறையிலேயே மாலை மாற்றிக்கொள்வது வழக்கம். அப்படி ரகசியமாக நடப்பது 7ஏ பிரிவில் சேராது என்று 2014இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஊரைக் கூட்டித்தான் அறிவிக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. வீட்டுக்குப் பயந்து வருகிறவர்களிடம் அப்படிக் கேட்பது அவர்கள் உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்றார்கள். வக்கீல், வக்கீலாக இல்லாமல் நண்பராகவோ தெரிந்தவராகவோ சாட்சி நிற்கலாம். ஆக, நண்பர் என்ற ஒரே தகுதி போதும் என்பதை உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உங்களிடம் அது இருக்கிறது.

ஆனால் மணமக்களில் ஒருவர் இந்து, மற்றவர் வேறு மதம் என்றால் 7ஏ உதவாது. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இந்து திருமணச் சட்டம் இந்துக்களோடு சமணர், பௌத்தர், சீக்கியரைச் சேர்த்துக்கொள்ளும். கிறிஸ்தவர், முஸ்லிமைச் சேர்க்காது. 'நாங்க ரெண்டு பேரும் சாமியே கும்பிடுறதில்ல' என்றாலும் கணக்கு மாறாது. அவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது குறைந்தது 30 நாள் குடியிருந்த மாவட்டத்தின் திருமண அதிகாரியிடம் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதை அலுவலகப் பலகையில் ஒட்டி, ஆட்சேபணை வருகிறதா என்று 30 நாள் பார்ப்பார்கள். அப்புறம் அதிகாரி முன்னிலையில் மூன்று சாட்சிகளோடு உறுதிமொழி. நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்கவில்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மண்டபத்தில் நீங்கள் எவ்வளவு அழகாகப் பேசினாலும், சட்டப்படி கல்யாண நாள் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்ட நாள்தான்.

இருவரும் கிறிஸ்தவர்கள் என்றால் தயவுசெய்து ஒதுங்கிக்கொள்ளுங்கள். 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி போதகர், உரிமம் பெற்றவர், திருமணப் பதிவாளர் போன்ற அதிகாரம் உள்ளவர்கள் மட்டுமே நடத்தலாம். அதிகாரம் இல்லாதவர் நடத்தினால் பத்து ஆண்டு வரை சிறை. விளையாட்டில்லை. முஸ்லிம் கல்யாணத்தில் காஜி இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் ஜமாஅத் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. அதை மீறி நடுவில் நுழைவது நண்பருக்கு நீங்கள் செய்கிற உதவியாக இருக்காது.

இன்னொன்று, 7ஏ தமிழ்நாட்டுத் திருத்தம். மூணாறிலோ பெங்களூரிலோ மண்டபம் பிடித்துவிட்டு அதை நம்பிப் போகாதீர்கள்.

தகுதி வேண்டாம் என்றேன், பொறுப்பு இல்லை என்று சொல்லவில்லை. மேடையேறும் முன் இரண்டு பேரின் வயதையும் ஆவணத்தில் பாருங்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. குறைந்திருந்தால், 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி நடத்தி வைத்தவரும் மாட்டுவார். இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். அந்த இடத்தில் மட்டும் 'நான் சும்மா நின்னேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. இருவரில் ஒருவருக்கு இது இரண்டாம் கல்யாணம் என்றால் விவாகரத்துத் தீர்ப்பின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தீர்ப்பு வந்த மறுநாளே முகூர்த்தம் குறிக்கக் கூடாது. மேல்முறையீட்டுக்கான 90 நாள் கழிய வேண்டும். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். நான் என் நண்பனிடம் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் கேட்டபோது, "எம் மார்க்கைப் பார்க்கத்தானடா இவ்வளவு நாளா காத்திருந்தே?" என்றான்.

அன்றைக்கு மேடையில் நடந்ததையும் சொல்கிறேன். உறுதிமொழியை நான் எழுதி வந்திருந்தேன், ஒரு முழுப் பக்கம். மணப்பெண் மூன்றாவது வரியில் என்னை நிறுத்தி, "அண்ணா, எனக்கு இதெல்லாம் வாயில வராது, நானே சொல்லிக்கிறேன்" என்றாள். மைக்கை வாங்கி, "இவரை என் வீட்டுக்காரரா ஏத்துக்கிறேன்" என்றாள். அவனும் அதே மாதிரி ஒரு வரி. மாலை மாற்றினார்கள். நண்பனின் அம்மா ஆசைப்பட்டதால் தாலியும் கட்டினான். தாலி எடுத்துக் கொடுத்தது அந்த அம்மாதான். கணவரை இழந்தவர், வேறு மேடையாக இருந்தால் அவரைப் பின்வரிசையில் உட்கார வைத்திருப்பார்கள். முன்வரிசையில் பெண்ணின் தாய்மாமா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, "ஐயருமில்ல, அக்கினியுமில்ல, என்ன கல்யாணமப்பா இது" என்று பக்கத்து நாற்காலிக்குக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியாகப் பதிவு. 2009ஆம் ஆண்டின் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த மதக் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். அதைத் தவறவிட்டால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் கிடைக்கும். ஆனால் பதிவை மட்டும் செய்துவிட்டுக் கல்யாணம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. இந்து திருமணச் சட்டப்படி முறையாகக் கல்யாணம் நடக்காமல் பதிவுச் சான்றிதழ் மட்டும் வைத்திருந்தால் அது கல்யாணமாகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் மாலை மாற்றுகிற, உறுதிமொழி சொல்கிற படங்கள் தெளிவாக இருக்கின்றனவா என்று போட்டோகிராபரிடம் அங்கேயே கேட்டுவிடுங்கள். அழைப்பிதழில் நாலைந்து பிரதி எடுத்து வையுங்கள்.

எங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்த ஊழியர் மனுவைப் பார்த்துவிட்டு, "ஐயர் யாரு?" என்றார். இல்லை என்றதும், "அப்ப யாரு நடத்துனது?" என்றார். நான் பெருமையாக முன்னால் போய் நின்றேன். "சரி, சாட்சிக் கையெழுத்துப் போடுங்க, ஆதாரைக் காட்டுங்க" என்றார். ஆதார் மதுரையில் என் வீட்டு மேசை மேல் இருந்தது. நண்பன் என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. அரை மணி நேரம் யார் யாருக்கோ போன் போட்ட பிறகு, பைக்கில் வந்து இறங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர் அதே தாய்மாமா.