ஆர்கனை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது?

கேள்வி: ஓணத்தை ஒட்டி எங்கள் ஊர் கிளப் அரங்கில் ஆண்டுதோறும் கானமேளா என்னும் மேடைப் பாட்டு நிகழ்ச்சி நடத்துவோம். இவ்வாண்டு அதற்குப் பதிலாக, கோயம்புத்தூருக்குச் சென்று எலக்ட்ரானிக் ஆர்கன் கற்றுவரும் எங்கள் ஊர் இளைஞரைத் தனியே வாசிக்கச் சொல்லியிருக்கிறோம். “கீபோர்டுக்கு எதற்குத் தனிக் கச்சேரி?” என்று மூத்த உறுப்பினர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது? ஏற்பாடுகளில் எதைக் கவனிப்பது?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: கானமேளா மேடையில் பாடகருக்குப் பின்னால், தாங்கியின் மேல் வைத்த கீபோர்டை மட்டுமே பார்த்தவர்கள் அப்படிக் கேட்பது இயல்புதான். முழு ஆர்கனில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கட்டை வரிசைகளும், தரையை ஒட்டிக் கால்களுக்கென ஒரு மிதிகட்டை வரிசையும் உண்டு. வலக்கை மேல்வரிசையில் மெட்டை வாசிக்கும்போது இடக்கை கீழ்வரிசையில் துணைச் சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கும். இடக்கால் பாஸ் எனப்படும் தாழ்ந்த சுரங்களை மிதிக்கும். வலக்கால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெடலை விட்டு நகராது. 1935இல் அமெரிக்காவில் வெளிவந்த ஹாமண்ட் ஆர்கனில் கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே அளவு ஒலிதான் வரும் என்பதால், ஒரு வரியின் ஏற்ற இறக்கம் முழுவதும் அந்த வலக்காலின் பொறுப்பாக இருந்தது. யமஹா நிறுவனம் 1959இல் கொண்டுவந்த எலக்டோன் என்ற எலக்ட்ரானிக் ஆர்கன் வரிசையிலும் இரண்டு கைகளுக்கும் கால்களுக்கும் வேலை உண்டு.

ஆகவே நான் முதலில் சொல்ல விரும்புவது கருவியை வைக்கும் விதத்தைப் பற்றியதுதான். வாசிப்பவர் சபையைப் பார்த்து உட்கார வேண்டும் என்று நம் மேடைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆர்கனை அப்படி வைத்தால் அதன் பெட்டி இளைஞரின் கைகளையும் கால்களையும் மறைத்துவிடும். முன்வரிசையில் இருப்பவருக்குத் தலை மட்டுமே தெரியும். கருவியைப் பக்கவாட்டில், வாசிப்பவரின் முதுகு சற்றே சபைக்குத் தெரியும்படி திருப்பி வையுங்கள். மரியாதைக் குறைவு என்று எவரேனும் சொன்னால், கால்களைப் பார்த்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஒலிபெருக்கி. மிதிகட்டையின் மிகத் தாழ்ந்த சுரம், பதினாறடி எனப்படும் ஒலி அமைப்பில், ஏறத்தாழ 33 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். திருவிழாவுக்குக் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி அதைத் தரவே தராது. இடக்கால் உழைப்பதெல்லாம் வீணாகும். வாடகைக்கு எடுக்கும்போது, தாழ்ந்த ஒலிகளுக்கென உள்ள சப்வூஃபர் ஒலிபெருக்கி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கருவி ஜப்பானிலேயே விற்பதற்காகச் செய்யப்பட்டதாக இருந்தால் அது 100 வோல்ட்டில் இயங்கக்கூடும். நம் 230 வோல்ட்டில் நேரே செருகாமல், பின்புறம் அச்சிட்டிருப்பதைப் படித்து, உரிய மின்மாற்றியை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்பாத்தித் தேரின்போது நடக்கும் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆர்கனில் நம் ராகங்களை வாசிப்பது பொருந்துமா?
– வாசகர், பாலக்காடு

பதில்: சில ராகங்கள் பொருந்தும், சில பொருந்தா. ஸ்தாயிக்குப் பன்னிரண்டு என்று நிலைத்துவிட்ட கட்டைகளில் தோடி ராகத்தின் காந்தாரத்தை (‘க’ சுரத்தை) அசைக்க இயலாது, சஹானா ராகமும் அப்படியே. சுரத்தை வளைக்கும் வசதியுள்ள கருவிகள் உண்டு என்றாலும், கைகால்கள் அனைத்தும் வேலையில் இருக்கும்போது அதைக் கொண்டு கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது, அரிது. சுரங்கள் ஒன்றோடொன்று இழையாமல் தனித்தனியே நிற்கின்றன என்பது ஆர்மோனியத்தின் மீதும் சொல்லப்பட்ட குறைதான். அகில இந்திய வானொலி 1940இல் அதை விலக்கிவைத்து, 1971இல்தான் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் அனுமதித்தது.

மோகனம், ஹம்ஸத்வனி போன்றவற்றில் இளைஞர் துணிந்து இறங்கலாம். அதைவிட, முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வர சாகித்யங்களில் இரண்டு மூன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியங்களில் கேட்ட மெட்டுகளுக்கு, சங்கராபரண ராகத்தின் சுரங்களிலேயே, அவர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் அமைத்தார். பாடகர் பாடும்போது அவை ஒற்றை மெட்டாகத்தான் ஒலிக்கின்றன. ஆர்கனிலோ இடக்கையும் இடக்காலும் சேர்ந்து, அம்மெட்டுகளுக்கு மேற்கத்திய இசையில் உரிய துணைச் சுரங்களைத் திருப்பித் தரலாம். வீணையில் வாய்க்காத இந்த ஒன்றுக்காகவே நான் அக்கச்சேரிக்குப் போவேன்.

கேள்வி: பாட்டே இல்லாமல் ஒன்றரை மணி நேரம் எங்கள் ஊர் சபை உட்கார்ந்திருக்குமா?
– வாசகி, சித்தூர் (பாலக்காடு மாவட்டம்)

பதில்: ஒரு மணி நேரம் போதும். கருவிக்குள் இருக்கும் தானியங்கித் தாளத்தை எல்லா உருப்படிகளுக்கும் ஓடவிட்டால் சபை பத்தாவது நிமிடத்திலேயே தேநீருக்கு எழுந்துவிடும். உள்ளூர் மிருதங்கக் கலைஞர் ஒருவரை உடன் அமர்த்துங்கள். பாதியில் இளைஞரே மெட்டு, துணைச் சுரம், மிதிகட்டை ஆகியவற்றைத் தனித்தனியே வாசித்துக் காட்டிவிட்டு, பிறகு மூன்றையும் சேர்த்து வாசிக்கட்டும். சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு வந்தால் ஒன்றே ஒன்று வாசிக்கலாம், அதுவும் கடைசியில்.