நோவா காலத்து ஜலப்பிரளயம் உண்மையில் நடந்ததா? கிறிஸ்தவ விசுவாசத்துக்கு அதில் என்ன இருக்கிறது?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். உலகம் முழுவதையும் மூடிய வெள்ளம் வந்ததற்கு ஆதாரம் உண்டா? பாபிலோனியர்களிடமும் இதே கதை இருக்கிறதே, அப்படியென்றால் விசுவாசிக்கு இதில் மிச்சம் என்ன?

எங்கள் சபையில் சனிக்கிழமை மாலை வேதபாட வகுப்பு எடுக்கிறேன். ஆதியாகமம் 6 முதல் 9 வரை வரும்போதெல்லாம் இந்த இரண்டும் கட்டாயம் வரும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நான்கு அதிகாரங்கள் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதைவிட, தேவனுடைய இருதயத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகின்றன. மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்கள் சொல்வதையும், களிமண் பலகைகளைப் படித்தவர்கள் சொல்வதையும் பயமில்லாமல் கேட்டுவிட்டு வந்தால் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

முதலில் மண். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் நிலவியலை வளர்த்தவர்களில் பலர் குருமார்கள். 1821இல் யார்க்‌ஷயரில் கிர்க்டேல் என்ற இடத்தில் ஒரு குகை கிடைத்தது. அதற்குள் கழுதைப்புலி, யானை, காண்டாமிருகம், நீர்யானை எலும்புகள். ஆக்ஸ்ஃபோர்டில் நிலவியல் கற்பித்த குருவானவர் வில்லியம் பக்லண்ட் அவற்றை ஆராய்ந்தார். எலும்புகளில் இருந்த பல்தடங்களைப் பார்த்து, இவை வெள்ளம் அடித்துக்கொண்டு வந்தவை அல்ல, கழுதைப்புலிகள் இழுத்துவந்து தின்றவை என்று கண்டுபிடித்தார். ஆனாலும் அந்த விலங்குகளை அழித்தது நோவா காலத்து வெள்ளமே என்று 1823இல் எழுதினார். பிறகு அவரே அந்தக் கருத்தைக் கைவிட்டார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆடம் செட்ஜ்விக்கும் குருவானவர்தான். 1831இல் லண்டன் நிலவியல் சங்கத்தின் தலைவராக நின்று, இங்கும் அங்கும் கிடக்கும் சரளைப் படிவுகள் எல்லாம் ஒரே வெள்ளத்தின் வேலை என்ற தன் பழைய கருத்தை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றார். இதெல்லாம் டார்வினுடைய நூல் வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. நாத்திகர்கள் யாரும் வந்து அவர்கள் மனதைக் கலைக்கவில்லை. கண்ணால் கண்டதை மறைக்காமல் சொன்னார்கள், கடைசிவரை விசுவாசிகளாகவும் இருந்தார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

மெசபொத்தாமியாவில், அதாவது இன்றைய ஈராக் பகுதியில், வெள்ளப் படிவுகள் கிடைத்திருக்கின்றன. அங்கே ‘ஊர்’ (Ur) என்ற பழைய நகரத்தில் தொல்லியலாளர் லெனார்ட் வூலி கண்டெடுத்த தடித்த வண்டல் அடுக்கு 1929இல் பெரிய செய்தியானது. ஆனால் மற்ற நகரங்களில் கிடைத்த அடுக்குகள் வேறு வேறு காலத்தைச் சேர்ந்தவை. யூப்ரடீசும் டைக்ரிசும் கரை உடைத்து ஊர்களை விழுங்குவது அந்த மக்களுக்குப் பழக்கமான பயங்கரம். அப்படி ஒரு பெரும் அழிவின் நினைவு இந்தக் கதைக்கு அடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். உலகம் முழுவதையும் ஒரே நேரத்தில் மூடிய வெள்ளத்துக்கு மண்ணில் தடயம் இல்லை. எங்கள் வகுப்பிலேயே இதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடுதான் உட்கார்ந்து ஜெபிக்கிறேன். இந்த ஒரு விஷயத்துக்காகச் சபை பிரிய வேண்டியதில்லை.

அப்புறம் களிமண் பலகைகள். ஜார்ஜ் ஸ்மித் என்ற லண்டன்காரர் பணத்தாள் அச்சுக்குச் செதுக்கும் வேலை பழகியவர். ஈரக் களிமண்ணில் ஆப்பு வடிவத்தில் பதிக்கும் பழைய எழுத்தான ஆப்பெழுத்தைத் தானாகவே படிக்கக் கற்று, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நினிவேயிலிருந்து வந்து குவிந்திருந்த உடைந்த பலகைகளில் ஒன்றில், மலைமேல் தங்கிய கப்பலையும், வெளியே அனுப்பிய புறா உட்கார இடமில்லாமல் திரும்பி வந்ததையும் படித்தார். 1872 டிசம்பர் 3 அன்று அதை அவர் ஒரு கூட்டத்தில் வாசித்தபோது பிரதமர் கிளாட்ஸ்டனே கேட்க வந்திருந்தார். அது கில்காமேஷ் என்ற பாபிலோனியக் காவியத்தின் 11ஆம் பலகை. அதைவிடப் பழைய அத்ரஹாசிஸ் காவியத்திலும் இதே வெள்ளம் வருகிறது.

ஒற்றுமைகளை மறைக்கக் கூடாது. கப்பல் கட்டச் சொல்லும் எச்சரிப்பு, பூசும் கீல், ஏற்றும் விலங்குகள், அனுப்பும் பறவைகள், இறங்கியதும் செலுத்தும் பலி, எல்லாம் இரண்டிலும் உண்டு. ஆதியாகமத்தை எழுதியவருக்கு இந்தக் கதை தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். அதனால்தான் அவர் எங்கே மாற்றிச் சொல்கிறார் என்று கவனிக்க வேண்டும்.

அத்ரஹாசிஸில் வெள்ளம் வரக் காரணம் சத்தம். மனிதர்கள் பெருகிவிட்டார்கள், அவர்கள் போடும் கூச்சலில் என்லில் தெய்வத்துக்குத் தூக்கம் வரவில்லை. கொள்ளைநோய், வறட்சி, பஞ்சம் என்று அனுப்பிப் பார்த்துவிட்டுக் கடைசியில் வெள்ளத்தை அனுப்புகிறார். வெள்ளம் வந்ததும் தெய்வங்களே நடுங்குகின்றன. பலியிடுவார் இல்லாமல் பசியோடு கிடந்த அவர்கள், வெள்ளம் வடிந்து பலியின் வாசனை வந்ததும் ஈக்களைப் போல மொய்க்கிறார்கள். அதோடு, மனிதர்கள் மறுபடி பெருகக் கூடாது என்று சில பெண்களை மலடாக்கவும், பிள்ளைகளைப் பறித்துக்கொள்ள ஒரு பிசாசை வைக்கவும் ஏற்பாடு செய்கிறார்கள்.

ஆதியாகமத்தில் காரணமே வேறு. பூமி கொடுமையினால் நிறைந்திருந்தது என்று 6:11 சொல்கிறது. பலவான் எளியவனை அடித்து நொறுக்குவது தேவனால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாத அளவுக்குப் போய்விட்டது. வெள்ளம் வடிந்ததும் அவர் சொல்லும் முதல் ஆசீர்வாதம் பலுகிப் பெருகுங்கள் என்பது. பிள்ளை பிறப்பது தேவனுக்குத் தொந்தரவு என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் கதை சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அது ஆசீர்வாதம் என்று ஒரு சிறிய ஜனம் சொன்னது. எனக்கு இது அற்புதமாக இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. பாபிலோனியக் கதையில் தாய்த் தெய்வம் தான் பெற்ற மக்களுக்காக அழுகிறாள். தன் நீலக்கல் மாலையைத் தொட்டு, இந்த நாட்களை நான் மறக்கமாட்டேன் என்கிறாள். அதை வாசிக்கும்போது எனக்கு மனம் கனக்கும். ஆனால் அங்கே அழிப்பது ஒரு தெய்வம், அழுவது இன்னொரு தெய்வம். வேதத்தில் ஒருவர்தான். “தாம் பூமியிலே மனுஷனை உண்டாக்கினதற்காகக் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார், அது அவர் இருதயத்துக்கு விசனமாயிருந்தது.” நியாயந்தீர்க்கிறவரே வேதனைப்படுகிறவராகவும் இருக்கிறார். இந்த வசனத்தைத் தாண்டி அவசரமாகப் பேழையின் 300 முழ நீளத்துக்குப் போய்விடுகிறோம். ஓய்வுநாள் பள்ளியில் ஒட்டகச்சிவிங்கி எட்டிப் பார்க்கும் படத்தை வரைந்து பழகியதால் வந்த பழக்கம் இது.

சம்பவம் சொல்லப்பட்டிருக்கும் விதத்தையும் ஒரு தரம் பென்சிலோடு உட்கார்ந்து குறித்துப் பாருங்கள். காத்திருக்கும் நாட்கள் 7, 7, பிறகு 40, பிறகு 150 என்று ஏறி, 150, 40, 7, 7 என்று இறங்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவில் நிற்பது 8:1, தேவன் நோவாவை நினைத்தருளினார் என்ற வசனம். அதே வசனத்தில் காட்டு மிருகங்களையும் நாட்டு மிருகங்களையும்கூட நினைத்தார் என்று இருக்கிறது. 6:19இல் ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி, 7:2இல் சுத்தமான மிருகங்களில் ஏழு ஏழு ஜோடி என்று வருவதைப் பார்த்து, இரண்டு பழைய மரபுகள் இங்கே பின்னப்பட்டிருக்கின்றன என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். பின்னியவர் கைதேர்ந்தவர்.

இனி, நான் முக்கியம் என்று நினைக்கும் இடம். வெள்ளத்துக்கு முன்னால் 6:5இல் தேவன் பார்ப்பது, மனிதனுடைய இருதயத்து நினைவுகள் எப்போதும் பொல்லாதவை என்பதை. அதுதான் வெள்ளத்துக்குக் காரணம். வெள்ளம் முடிந்தபின் 8:21இல் அவர் சொல்வது, இனி நான் மனிதன் நிமித்தம் பூமியைச் சபிப்பதில்லை என்று. அதோடு சேர்ந்து என்ன வருகிறது? மனிதனுடைய இருதயத்தின் நினைவுகள் சிறுவயது தொடங்கிப் பொல்லாதவை என்பது. அதே நோயறிக்கை! முன்பு அது நியாயத்தீர்ப்புக்குக் காரணம், இப்போது அதே சொல் இரக்கத்தின் பக்கத்தில் வந்து நிற்கிறது. இவ்வளவு தண்ணீர் கொட்டியும் மனிதனுடைய உள்ளம் மாறவில்லை. மாறியது தேவன் அவனை நடத்தும் வழி. அழித்துச் சுத்தம் செய்வதில்லை என்று அவர் தம்மைத்தாமே கட்டிப்போட்டுக்கொள்கிறார். மேகத்தில் வைத்த வில்லும் நாம் பார்த்து ஆறுதல் அடைவதற்கு என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். 9:16ஐப் படித்தால், அதை நோக்கிப் பார்த்து உடன்படிக்கையை நினைவுகூருவேன் என்று சொல்பவர் தேவன்.

பொல்லாத இருதயம் அப்படியே இருக்கும், அழிக்கவும் மாட்டேன் என்றால், அந்தப் பொல்லாப்பின் விளைவை யார் சுமப்பது? அந்தக் கேள்விக்குச் சிலுவைவரை பதில் முழுதாக வரவில்லை. வெள்ளத்தின் அர்த்தம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

வகுப்பில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: “அங்கிள், மூழ்கிப்போன குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள்?” அன்றைக்கு யாரும் பேசவில்லை. இதற்குச் சப்பைக்கட்டு கட்டும் பதில்கள் எனக்குப் பிடிக்காது. அவர்கள் வளர்ந்தால் கெட்டவர்களாகியிருப்பார்கள் என்று சிலர் சொல்வதை அவள் முகத்துக்கு நேரே என்னால் சொல்ல முடியாது. நான் அவளுக்குக் காட்டியது 1 பேதுரு 3:19-20. கிறிஸ்து காவலிலுள்ள ஆவிகளிடம் போய்ப் பிரசங்கித்தார், அவர்கள் நோவாவின் நாட்களில் கீழ்ப்படியாமற்போனவர்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. இவர்கள் விழுந்துபோன தூதர்கள் என்று விளக்குபவர்களும் உண்டு. ஆனால் மரித்தோருக்கும் சுவிசேஷம் அறிவிக்கப்பட்டது என்று 4:6 தொடர்வதால், பேழைக்கு வெளியே நின்றவர்களைத் தேடித்தான் ஆண்டவர் போனார் என்று நான் நம்புகிறேன். விசுவாசப்பிரமாணத்தில் பாதாளத்தில் இறங்கினார் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம் வரும். கேள்வி தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. அந்தப் பெண்ணும் அப்படித்தான் சொன்னாள், சரிதான் என்றேன்.

அதே பகுதியில் பேதுரு, நோவாவின் குடும்பத்தார் எட்டுப் பேர் தண்ணீர் வழியே காக்கப்பட்டதை ஞானஸ்நானத்துக்கு ஒப்பிடுகிறார். ஆதிச் சபை இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைச் சுவர்களில் நோவா ஒரு சின்னப் பெட்டிக்குள் நின்று இரண்டு கைகளையும் விரித்து ஜெபிக்கிறார், புறா அவரை நோக்கி வருகிறது. மிருகங்களும் கிடையாது, மூழ்குகிறவர்களும் கிடையாது. செத்தவர்களைப் புதைத்த இடத்தில் உயிர்த்தெழுதலின் நம்பிக்கையாக அதை வரைந்தார்கள். 1523இல் லூத்தர் எழுதிய ஞானஸ்நான ஜெபமும் நோவாவின் வெள்ளத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறது. கத்தோலிக்கர்கள் பாஸ்கா இரவில் தண்ணீரை மந்திரிக்கும் ஜெபத்திலும் அது வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, வேளாங்கண்ணிக்கு ஜெபிக்க வந்த யாத்ரீகர்களும் செத்தார்கள். அதன் பிறகும், 2015இல் சென்னை மூழ்கியபோதும், இது தேவகோபம் என்று மேடையில் பேசியவர்கள் உண்டு. 8:21ஐ வாசித்த ஒருவர் அப்படி எப்படிப் பேசலாம்? “பூமியுள்ள நாளளவும் விதைப்பும் அறுப்பும், சீதளமும் உஷ்ணமும், கோடைகாலமும் மாரிகாலமும், பகலும் இரவும் ஒழிவதில்லை” என்று வாக்குக் கொடுத்தவர் அவர். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று பதிலும் சொல்லியிருக்கிறார் (லூக்கா 13:4-5).

படிக்கத் தொடங்குகிறவர்கள் 6:5இல் ஆரம்பித்து 9:29 வரை ஒரே மூச்சில் படியுங்கள். வானவில்லோடு நிறுத்திவிடாதீர்கள். பேழை கட்டும்போதும், ஒரு வருஷத்துக்கு மேல் அதற்குள் இருந்தபோதும் நோவா பேசியதாக ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. திராட்சரசம் குடித்து வெறித்துக் கிடந்து எழுந்தபின் 9:25இல்தான் முதல்முறையாகப் பேசுகிறார், அதுவும் சாபம். நீதிமான் என்று பெயரெடுத்தவர் வீட்டிலேயே 8:21 உண்மையாகிவிட்டது. அந்த வசனத்தைக் கவனமாகப் பாருங்கள். சபிப்பது நோவா, தேவன் அல்ல. சபிக்கப்படுவது நோவாவின் பேரன் கானான், அவன் தகப்பன் காம் அல்ல. அதைக் காம் மேல் விழுந்த தேவசாபமாகத் திரித்து, ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக இருக்கவே பிறந்தவர்கள் என்று அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் பிரசங்க பீடங்களிலிருந்தே போதித்தார்கள். பூமி கொடுமையினால் நிறைந்ததற்காக வந்த வெள்ளத்தின் கதையை, கொடுமைக்கே ஆதாரமாக்கினார்கள். எங்கள் வகுப்பில் இந்தப் பகுதிக்கென்று ஒரு மாலையைத் தனியாக ஒதுக்கிவிடுகிறோம்.