78 வயது அம்மம்மா சட்டத்தின் கண்ணில் முதியவரா, மாற்றுத்திறனாளியா?

கொக்குவிலில் இருக்கும் அம்மம்மாவுக்கு மூட்டுவாதம், கண்ணில் புரை. இது “வயசுக் கோளாறு” மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் இரண்டாகவும் இருக்கலாம்.

இலங்கையின் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்துக்கு 60 வயது நிரம்பினால் போதும். உடல்நிலையை அது கேட்பதில்லை. தன்னைப் பராமரிக்க வழியில்லாத பெற்றோர் பிள்ளைகளிடம் மாதப்படி கோரி பராமரிப்புச் சபைக்குப் போக வழி வைத்ததும் இச்சட்டம்தான்.

மாற்றுத்திறன் என்பதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேறுவிதமாக அளக்கிறது. உடல் அல்லது மனக் குறைபாட்டால் அன்றாடத் தேவைகளை முழுதாகவோ பகுதியாகவோ தானே பார்த்துக்கொள்ள முடியாதவர் என்கிறது. குறை பிறவியிலே வந்திருக்க வேண்டியதில்லை. அந்தப் “பகுதியாகவோ”வை எங்கட ஆக்கள் கவனிப்பதேயில்லை.

அமெரிக்காவின் 1965ஆம் ஆண்டு முதியோர் சட்டம் இன்னும் நுணுக்கமானது: தன்பராமரிப்பு, நடமாட்டம், மொழி, சுயமாக வாழ்தல் என்று செயல்களை எண்ணுகிறது. மூன்றிலோ அதற்கு மேலோ நீடித்த கடும் தடை இருந்தால் அது “கடுமையான” குறைபாடு. எனக்கு இந்த முறைதான் பிடிக்கும்.

ஆகவே உதவி கேட்டு விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) போகும்போது வருத்தத்தின் பெயரோடு நிற்காதீர்கள். கிணற்றில் வாளியை இழுக்கேலாது, இரவில் முற்றம் தாண்டிக் கக்கூசுக்குப் போக ஆள் வேணும், குளிசையின் நிறம் பிரித்தறியேலாது என்று சொல்லுங்கள். டொக்டரின் கடிதத்திலும் அவையே இருக்கட்டும்.