வாசலில் சைகஸ், வீட்டில் நாய்க்குட்டி

கேள்வி: வாசல்படிக்கு இருபுறமும் சைகஸ் தொட்டி வைத்திருக்கிறோம். வீட்டுக்கு வந்திருக்கும் 4 மாத லேப்ரடார் குட்டி அடி ஓலைகளைக் கடித்து இழுக்கிறது. நர்சரியில் கேட்டால் "பனை வகைதான், ஒன்றும் செய்யாது" என்கிறார்கள். வைத்திருக்கலாமா?

பதில்: கூடாது. குட்டி போக முடியாத இடத்துக்கு இன்றே மாற்றிவிடுங்கள். அழகுச்செடிகளில் நாயின் உயிருக்கே உலை வைக்கும் சிலவற்றுள் இது ஒன்று.

சைகஸ் பனையே அல்ல. பூ பூக்காமல் கூம்பு விடும் ஈந்து இனம் (ஈச்ச மரம் அல்ல). நர்சரியில் தொட்டியில் கிடைப்பது பெரும்பாலும் ஜப்பானின் தென்பகுதியைத் தாயகமாகக் கொண்ட வகை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈந்து அதற்கு நெருங்கிய சொந்தம். கேரளத்தில் ஈந்தங்கொட்டையை உலர்த்தி, ஊறவைத்துக் கழுவிய பிறகுதான் மாவாக்குவார்கள். அந்தப் பக்குவமே நஞ்சைப் போக்கத்தான். 'சாகோ பாம்' என்று விற்பதால் ஜவ்வரிசியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கில் செய்வது.

சைகஸில் ஓலை, தண்டு, வேர் எல்லாமே நஞ்சு. கொட்டையில்தான் மிக அதிகம். ஒன்றிரண்டு கொட்டையே ஒரு நாயைக் கொன்றுவிடலாம். அதிலுள்ள சைகசின், குடல் நுண்ணுயிர்களால் உடைந்து, கல்லீரல் செல்களை அழிக்கும் பொருளாக மாறுகிறது. முதலில் வாந்தி, எச்சில் வடிதல், கழிச்சல், சோர்வு. சில நாய்களுக்குத் தள்ளாட்டமும் வலிப்பும் வரும். ஏமாற்றுவது அடுத்த கட்டம்: வாந்தி நின்று நாய் தேறியதுபோல் இருக்கும்போதே, 2, 3 நாட்களில் கல்லீரல் செயலிழக்கும். ஈறும் கண்வெள்ளையும் மஞ்சளாகும், இரத்தம் உறையாமல் கசியும். அந்த நிலையில் சிகிச்சை கொடுத்தாலும் பல நாய்கள் பிழைப்பதில்லை.

அதனால் மென்றதைப் பார்த்தால் வாந்திக்காகக் காத்திருக்காதீர்கள். வாயில் இருப்பதை எடுத்துவிட்டு, கடித்த ஓலையையோ கொட்டையையோ ஒரு பையில் போட்டுக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு தின்றது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் போனால் மருந்து கொடுத்து வாந்தியெடுக்க வைக்க முடியும். பிறகு கரித்தூள் மருந்து, டிரிப்ஸ், கல்லீரலைக் காக்கும் மருந்துகள் என்று போகும். வாந்தியெடுக்க வைக்க வீட்டில் உப்புக் கரைசலை ஊற்றாதீர்கள். இரத்தத்தில் உப்பு ஏறி அதுவே இன்னொரு நஞ்சாகும். பாலும் எண்ணெயும் மாற்று மருந்தல்ல. நாய் துள்ளிக் குதித்தாலும் கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனையை 24, 48, 72 மணி நேரத்தில் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

இனி செடியைப் பார்ப்போம். யாருக்காவது கொடுப்பதானால் நாய் இல்லாத வீடாகப் பாருங்கள். மாடியில் வைப்பதென்றால் படிக்கதவு எப்போதும் மூடியிருக்க வேண்டும். ஆண், பெண் தனித்தனிச் செடி. நடுவில் முட்டைக்கோஸ் போல உருண்டு வருவது பெண். அதை இளசிலேயே அறுத்துவிட்டால் கொட்டை பிடிக்காது. ஆண் செடியில் கொட்டை வராது என்றாலும் ஓலை ஓலைதான். தரையில் நட்டதை வெட்டினால் அடியில் பக்கக் குட்டிகள் கிளம்பும், கிழங்கோடு தோண்ட வேண்டும். ஓலை நுனி முள்ளாகக் குத்தும் என்பதால் தடித்த கையுறை போடுங்கள். கழிவை உரக்குழியில் போடாதீர்கள், நாய் தோண்டியெடுக்கும்.

வாசலுக்குப் பனை போன்ற தோற்றம் வேண்டுமென்றால் அரிகா பாம் வையுங்கள், நாய்க்கு நஞ்சில்லை. ஓலையைக் கடித்து விழுங்கினால் வயிறு கலங்கலாம், அவ்வளவுதான்.