செபுவானோவில் தொட்டால் தெரியும் பதத்தைச் சொல்லும் ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை ஆங்கிலப் பொருள்கள்?

செபுவானோ (பிலிப்பைன்ஸின் செபுத் தீவு மொழி) அகராதியில் 'கஹி' என்று தேடினால் ஹார்ட், டஃப், ஸ்டிஃப் என்று வரிசையாக வரும். சொல் ஒன்றுதான். எந்தப் பொருளைத் தொடுகிறோம் என்பதைப் பொறுத்து ஆங்கிலம் சொல்லை மாற்றிக்கொள்கிறது. மரம் என்றால் ஹார்ட், வேகாத இறைச்சி என்றால் டஃப். 'கஹிக் உலோ' என்றால் பிடிவாதக்காரர். 'உலோ' தலை, நடுவில் ஒட்டியிருப்பது 'ஓக்' என்ற இணைப்புச் சொல்லின் குறுக்கம். இதை மூன்றாம் சொல்லாக எண்ணித் தேடினால் கிடைக்காது.

எதிர்ச்சொல் 'ஹூமொக்': மெத்தை என்றால் மெத்தென்றது, மனசு என்றால் இளகியது. நம் 'இளகிய மனசு' அப்படியே பொருந்தும், ஆங்கிலத்தைச் சுற்றிப் போக வேண்டியதில்லை.

சிக்கல் 'பகா'வில். பலகை என்றால் தடிமன், முடி என்றால் அடர்த்தி, முகம் என்ற சொல்லோடு சேர்ந்தால் வெட்கங்கெட்டவர். அதே எழுத்துக்கூட்டில் தணல் என்றொரு சொல்லும் உண்டு. உச்சரிப்புதான் வேறு, அன்றாட எழுத்தில் அது தெரியாது.

'பிலிட்' ஒட்டுவது, ஒட்டும் அரிசிக்கும் அதே பெயர். புட்டோ மாயா என்ற பலகாரத்தை அதில்தான் செய்வார்கள். பிலிப்பைன்ஸின் இன்னொரு மொழியான தகாலோக்கின் அகராதியில் பார்த்தால் 'வற்புறுத்தல்' என்று வரும், ஏமாறாதீர்கள்.

1972-இல் வந்த ஜான் வுல்ஃபின் செபுவானோ அகராதி அ, இ, உ என்ற மூன்று உயிர்களில்தான் எழுதுகிறது. 'ஹூமொக்' கிடைக்காவிட்டால் ஒகரத்தை உகரமாக்கி 'ஹூமுக்' என்று தேடுங்கள்.