ஓராளுக்கு என்ன சமையல்?

கேள்வி: எனக்கு 61 வயது. முல்லைத்தீவு மாவட்டத்தில் தனியாக இருக்கிறேன், பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில். காலையில் சோறு காய்ச்சினால் இரவுக்கும் அதுதான். கறி என்றால் பருப்பு, இல்லாவிட்டால் பாணும் சம்பலும். மீன் வாங்கினால் பாதி பழுதாகிறது, தேங்காய் உடைத்தால் பாதி வீண். ஓராளுக்கு எதற்கு இந்தப் பாடு என்று விட்டுவிடுகிறேன். கொஞ்ச நாளாக உடம்பு சோர்ந்து வருகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி

பதில்: அக்கா, உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிபட்டது அந்தத் தேங்காய்தான். எங்கள் சமையல் முழுக்கக் குடும்பத்துக்கென்று அளந்தது. தேங்காயாகட்டும், மீன்காரர் நிறுக்கும் கிலோவாகட்டும், ஓராளுக்கென்று எதுவும் வருவதில்லை. அதற்காக ஒவ்வொன்றையும் துளித்துளியாகச் சமைக்க வெளிக்கிட்டால் ஒரு கிழமையில் அலுத்துவிடும். சாமான் வீட்டுக்குள் வரும்போதே அதன் மற்றப் பாதிக்கு ஒரு வழி வைத்துவிடுங்கள்.

தேங்காயை உடைத்தால் கண் உள்ள பாதியை முதலில் எடுங்கள், அதுதான் கெதியில் பழுதாகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைத் திருவி, ஒரு பிடி பூவை முருங்கையிலை வறைக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பிழிந்து சொதி வையுங்கள். மற்றப் பாதியையும் அதே இருப்பில் திருவி, சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரிட்ஜில் ஐஸ் கட்டும் இடத்தில் போட்டுவிடுங்கள். ஒன்று புட்டுக்கு, ஒன்று சம்பலுக்கு. திருவலையில் குந்தி எழும்புவதுதானே பெரிய பாடு, அது ஒரு தரத்தோடு முடியட்டும். பிரிட்ஜ் இல்லையென்றால் உட்புறம் உப்புத் தடவி வைத்து அடுத்த நாளே முடித்துவிடுங்கள்.

மீனுக்கும் இதே கணக்குத்தான். முத்தையன்கட்டும் இரணைமடுவும் இருக்கிற மண்ணில் குளத்து மீனை விட்டுவிட்டுப் பாணும் சம்பலும் சாப்பிடுவது அநியாயம், அக்கா. திலாப்பியாவோ விராலோ வாங்கினவுடனே வெட்டிக் கழுவி இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்குக்கு உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பிரட்டிக் கட்டி ஐஸ் கட்டும் இடத்தில் வைத்தால் வேண்டிய அன்று பொரிக்கலாம். மற்றதைப் புளி விட்டுக் குழம்பு வையுங்கள். ஆனால் குழம்புச் சட்டிக்குள் தேங்காய்ப்பால் விடாதீர்கள். பால் விட்ட கறி சீக்கிரம் புளித்துப்போகும். அந்தந்த நேரத்துக்குத் தேவையானதை வேறு சட்டியில் எடுத்து நன்றாகக் கொதிக்கவிட்டு, அதில் மட்டும் பாலைச் சேருங்கள். முதல்நாள் பால் விட்ட குழம்பு, மறுநாள் பாலில்லாத புளிக்குழம்பு, இரண்டும் ஒரே ருசியாக இராது.

காலையில் காய்ச்சிய சோறு இரவு வரை சட்டியில் கிடப்பதை நிற்பாட்டுங்கள். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தப்பும். சோறு இளஞ்சூட்டில் கிடந்தால் அவை பெருகி நஞ்சு விடும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. வன்னி வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். மத்தியானத்துக்கு அரைச் சுண்டு அரிசி போதும். மிஞ்சினால் ஆறினவுடனே பிரிட்ஜுக்குள் வையுங்கள். பழஞ்சோறு ஆசையென்றால் இரவு காய்ச்சி, ஆறின கையோடு தண்ணீர் விட்டுப் பிரிட்ஜில் வைத்துக் காலையில் சாப்பிடுங்கள். இரவுக்குக் குரக்கன் புட்டோ ரொட்டியோ நல்லது.

சோறும் பருப்பும் மோசமான சாப்பாடில்லை. ஆனால் ஒரு அகப்பைப் பருப்பு உங்களுக்குக் காணாது. வயது ஏற ஏறத் தசை கரையும், அதற்குப் புரதம் வேண்டும். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு ஒரு கிராமாவது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோ இருந்தால் 50 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், 100 கிராம் மீனில் 20 அளவில், அவிக்காத கௌபி 100 கிராமில் 23 போல இருக்கும். கௌபியை இரவே ஊறப்போட்டு ஒரே தரத்தில் அவியுங்கள். காலையில் தேங்காய்ப்பூவும் கட்டைச் சம்பலும், மத்தியானம் மிச்சத்தில் ஒரு கறி.

இன்னொன்று. பிள்ளைகள் லீவில் வந்தால்தான் மீன் பொரியல் என்று வைத்திருக்கிற தாய்மார் எங்கள் பக்கம் கனபேர். இந்தப் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை. தனியாகச் சமைக்கிற ஒரு பெண் இல்லாத ஒழுங்கை வன்னியில் குறைவு. அப்படி ஒருவரோடு பேசிக் கறி மாற்றிக்கொள்ளுங்கள். இன்றைக்கு உங்கள் மீன்குழம்பு போனால் அவருடைய கத்தரிக்காய்க் கறி வரும். இரண்டு வீட்டிலும் இரண்டு கறி, அடுப்பு ஒரு தரம்.

சோர்வை மட்டும் சாப்பாட்டின் தலையில் கட்டிவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீனி, இரத்தச்சோகை, சிறுநீரகம் மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். வவுனியாப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் பலருக்கு இருப்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அப்படி ஏதும் இருந்தால் மேலே சொன்ன புரதக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, கிளினிக்கில் சொல்கிற அளவுதான். அதனால் சோதனை முடிவு கைக்கு வந்த பிறகு கௌபியைக் கூட்டுங்கள்.